சிதம்பர யாத்திரையும் கடவுச்சீட்டும்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரஞ் செல்ல வேண்டுமென்னும் ஆசை நம்மவருட் பலர்க்கு உண்டு. ஒருகாலத்தில் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினர். 1964 டிசெம்பர்ப் புயல் அத்துறையை அழித்துவிட்டது. 2023 ஒக்டோபரிற் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. வழி குறுகினாலும், வாசலிற் கேட்கப்படும் கேள்விகள் குறையவில்லை.

பயணச்சீட்டு வாங்குமுன் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். அஃது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாதல் வேண்டும். முத்திரை குத்த இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். 'நான்கு மாதம் இருக்கிறதே' என மகிழ்வோர் விமான நிலையத்திலிருந்தே வீடு திரும்ப நேரலாம். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும்.

அடுத்தது பெயர். பாடசாலை இடாப்புகளுடன் பழகிய எனக்கு இது மிகப் பெரிய காரியமாகத் தோன்றுகின்றது. தமிழில் ஒரே விதமாக எழுதும் பெயரை ஆங்கில எழுத்திலே தந்தையார் ஒருவிதமாகவும், பதிவாளர் வேறுவிதமாகவும், வங்கி இன்னொரு விதமாகவும் எழுதிவைக்கின்றனர். நம் பெயருக்கு முன் நிற்கும் தலையெழுத்தோ குடும்பப் பெயருமன்று. தந்தையின் பெயர்ச் சுருக்கமே. விசா விண்ணப்பத்தில் எது சரியென வாதிடாது, கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து நிரப்புக. பயணச்சீட்டிலும் அவ்வாறே.

இலங்கையர்க்கு இந்திய விசா அவசியம். இணையவழி விசா 2015 முதல் நமக்கும் கிடைக்கின்றது. புறப்படுவதற்கு நான்கு நாளேனும் முன்னதாக விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி; இரண்டு வாரம் முன்னதாகச் செய்வதே புத்தி. இந்தியாவில் அறிந்தவர் ஒருவரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் அதிற் கேட்கப்படும். அன்றியும், அவ்விசாவுடன் எல்லா வாயிலாலும் நுழைய முடியாது. குறித்த சில வாயில்களே அனுமதிக்கப்பட்டவை. நீங்கள் இறங்குமிடம் அப்பட்டியலில் உண்டாவென முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தைக் கடதாசியில் அச்சிட்டுக் கையில் வைத்திருத்தல் நன்று.

உறவினர் வீட்டிலே தங்குவோர் பெரும்பாலும் அறியாத ஒன்று: வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், விடுதியாயினும் வீடாயினும், 24 மணி நேரத்துள் உரிய அலுவலர்க்கு அறிவித்தல் வேண்டும். மாமன் வீடென்பதால் விதி விலகாது. முன்னரே அவருக்குச் சொல்லிவையுங்கள்.

முதியோர் அன்றாடம் உண்ணும் மருந்துகளை மருத்துவரின் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. பெரிய பெட்டி ஒரு நாள் பிந்தியும் வந்து சேரலாம்.