முத்து மாலை கோத்தலும் முடிச்சிடலும்

விவசாய வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில்களைப் பற்றி ஆலோசிக்கும்போது, பாய் முடைதல், கூடை பின்னுதல், தையல் முதலியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. முத்து மாலை கோப்பதை எவரும் அவ்வளவாக எண்ணுவதில்லை. முத்து என்றவுடனே அது பெருந்தனக்காரர் பொருள் என்றும், அதைத் தொடுவதற்கே பெரும் முதல் வேண்டும் என்றும் ஓர் எண்ணம் இருந்து வருகிறது. அவ்வெண்ணம் பாதி தவறானது. முத்து வியாபாரத்துக்கு முதல் வேண்டும் என்பது உண்மையே. முத்துக் கோக்கும் தொழிலுக்கோ பட்டு நூலும், சில ஊசிகளும், நல்ல வெளிச்சமும், அழுக்கற்ற கையுமே வேண்டும். இவற்றோடு பிறர் பொருளைக் கையேற்று, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கும் வேண்டும். அவ்வொழுங்கைத் தனி மனிதரைவிடச் சங்கம் எளிதாக நிலைநாட்டலாம்.

தென்பாண்டி நாட்டுக்கும் முத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூலிலேயே கொற்கை முத்துக்குளிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளோடு அத்தொழில் ஓய்ந்துவிட்டது. ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் 1893-ஆம் ஆண்டில் சிப்பியினுள் மனித முயற்சியால் அரைக்கோள முத்தை விளைவித்துக் காட்டினார். தூத்துக்குடியிலும் 1973-ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டை முத்தை வளர்ப்பு முறையில் உண்டாக்கினர். இக்காலத்தில் கடைகளில் விற்கப்படுவன பெரும்பாலும் சீன தேசத்துக் குளங்களில் நன்னீர்ச் சிப்பிகளில் வளர்க்கப்பட்டவை. ஒரே சிப்பியில் பல முத்துக்கள் விளைவதால் இவை சகாய விலைக்குக் கிடைக்கின்றன. நடுத்தரக் குடும்பங்களிலும் ஒற்றை வடமாவது இருக்கிறது.

வடம் இருக்கும் இடத்தில் நூல் நைவதும் நிச்சயம். பட்டு நூல் வியர்வையை உறிஞ்சி அழுக்கேறும், பாரத்தால் நீளும், துளையின் ஓரத்தில் உராய்ந்து இழை இழையாக விடும். அடிக்கடி அணியும் மாலையை ஆண்டுக்கு ஒரு முறையும், எப்போதாவது அணிவதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் புதிதாகக் கோக்க வேண்டும். ஆகையால் சங்கத்தார் கருதத்தக்கது புது முத்தை வாங்கி மாலையாக்கி விற்பதன்று. பழைய மாலையை வாங்கிக் கோத்துக் கொடுப்பதேயாகும். முன்னதில் சரக்குத் தேங்கினால் முதல் முடங்கும். பின்னதில் முடங்குவதற்கு முதலே இல்லை. ஒரு முறை நன்றாகக் கோத்துக் கொடுத்த மாலை மறுபடியும் அதே கையைத் தேடி வரும். அருகில் நகைக்கடைகள் உள்ள பட்டணம் இல்லாத ஊர்களில் இத்தொழிலை ஆரம்பிப்பது வீண் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி, ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சு எதற்காக என்று கேட்கலாம். கலியாணப் பந்தலில் ஒரு மாலை அறுந்தால் என்ன நேரும் என்று யோசித்தால் விடை விளங்கும். முடிச்சில்லாத மாலையில் ஐம்பது அறுபது முத்துக்களும் ஒரே நொடியில் தரையெங்கும் ஓடும். முடிச்சிட்ட மாலையில் உதிர்வது ஒன்றுதான், மிஞ்சினால் இரண்டு. மற்றொரு காரணமும் உண்டு. முத்து வைரத்தைப் போன்ற கல் அன்று. மிகவும் மெதுவான பொருள். முத்தோடு முத்து உராய்ந்தால் துளையின் விளிம்பில் மேற்பூச்சு தேய்ந்து உரிந்து போகும். நடுவே இருக்கும் பட்டு முடிச்சு அவற்றுக்கு மெத்தை போல் உதவுகிறது. அன்றியும், முடிச்சிட்ட மாலை கழுத்தில் வளைந்து படியும். முடிச்சின்றி இறுகக் கோத்தது கம்பி போல் விறைத்து நிற்கும்.

நூலைத் தெரிந்தெடுப்பதில் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது. இதற்கென்றே முறுக்கிய பட்டு நூல், ஒரு முனையில் நுண்ணிய கம்பி ஊசி பிணைக்கப்பட்டு, இரண்டு மீட்டர் அளவில் அட்டையில் சுற்றி விற்கப்படுகிறது. அதன் கனத்தை எண்ணால் குறிப்பார்கள். வழக்கமான அளவுகளில் இரண்டாம் எண் 0.45 மி.மீ., நான்காம் எண் 0.60 மி.மீ., ஆறாம் எண் 0.70 மி.மீ. கனமுள்ளவை. துளையில் சிறிது தடைப்பட்டுச் செல்லும் கனமே தக்கது. தாராளமாக ஓடும் நூலில் இட்ட முடிச்சு துளைக்குள்ளேயே புகுந்து மறைந்துவிடும். நன்னீர் முத்துக்களை எடை குறையாதிருக்கும் பொருட்டு மிகச் சிறிய துளையாக இடுவது வழக்கமாகையால், அவற்றுக்குப் பெரும்பாலும் மெல்லிய எண்ணே வேண்டியிருக்கும். நைலான் நூல் பட்டைவிட உறுதியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் மாலை பட்டில் படிவது போல் படிவதில்லை. நூலின் நீளம் மாலையின் நீளத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையலாகாது. நடுவில் நூல் போதாமற் போனால் ஒட்டுப் போட வழியில்லை. முழுவதையும் அறுத்து மறுபடியும் தொடங்க வேண்டியதே.

மற்றச் சாமான்கள் வீட்டிலேயே இருப்பவை. விளிம்புள்ள ஒரு தாம்பாளத்தில் மங்கிய சாம்பல் நிறத் துணியை இரண்டாக மடித்து விரித்தால் முத்து உருளாது; நிறவேற்றுமையும் நன்கு தெரியும். முடிச்சைத் தள்ளுவதற்கு ஒரு தடித்த ஊசியும், நூலறுக்கக் கூரான சிறு கத்தரியும் போதும். கொக்கியின் வளையத்தில் நூல் உராயாமலிருக்க, மயிர் போன்ற கம்பியைக் குழல்போல் சுருட்டிய சுருளில் சிறு துண்டு வேண்டும். இதை நகைச் சாமான் கடைகளில் வாங்கலாம். வேலைக்கு உட்காருமுன் தரையைப் பெருக்கி, சுவரோரப் பொந்துகளையும் பார்த்துக்கொள்வது நலம். குழந்தைகளும் பூனையும் வரக்கூடிய இடம் இவ்வேலைக்கு உதவாது.

பழைய மாலையை அறுக்குமுன் அதன் வரிசையை நன்கு கவனித்துக்கொள்ள வேண்டும். பல மாலைகளில் நடுமுத்து பெரிதாகவும் இரு பக்கமும் படிப்படியாகச் சிறுத்தும் இருக்கும். அவ்வரிசை கலைந்தால் மாலையின் அழகே போய்விடும். ஒரு கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்து, துணி மடிப்பில் அதே வரிசையில் வைத்துக்கொண்டே போகலாம். முத்துக்களை ஈரத் துணியால் துடைத்து, துளையின் உள்ளும் ஈரம் இராதபடி ஒரு நாள் முழுவதும் உலரவிட வேண்டும். ஈரத்துளையில் கோத்த பட்டு சீக்கிரம் இற்றுப்போகும். புதிய நூலையும் முன் இரவே ஆணியில் கட்டி, முனையில் சிறு பாரத்தைத் தொங்கவிட்டு நீட்டி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் அணிந்த சில நாட்களிலேயே முடிச்சுக்கும் முத்துக்கும் இடையில் வெறும் நூல் தெரியும்.

கோக்கத் தொடங்கும் முறை பின்வருமாறு. ஊசியில் முதலில் மூன்று முத்துக்களையும், பிறகு ஒரு செ.மீ. அளவுள்ள கம்பிச் சுருளையும், அதன்மேல் கொக்கியின் வளையத்தையும் கோத்து, நூலின் கடைசியில் ஒரு சாண் வால் விட்டு இழுக்க வேண்டும். பிறகு வளையத்துக்கு அடுத்த முத்தினுள் ஊசியைத் திருப்பி நுழைத்து இழுத்தால், கம்பிச் சுருள் வளைந்து கொக்கியின் வளையத்தைப் பற்றிக்கொள்ளும். அங்கே வால் நூலைச் சுற்றி ஒரு முடிச்சு. இரண்டாம் முத்தினுள் நுழைத்து மறு முடிச்சு. மூன்றாம் முத்தைக் கடந்ததும் வால் நூலையும் சேர்த்து ஒரு முடிச்சு. இம்மூன்று முத்துக்களிலும் நூல் இரு முறை செல்வதால், வரிசைக்கு மாறில்லாதவரை துளை சற்றுப் பெரிதாயுள்ளவற்றைக் கோடிகளுக்கு ஒதுக்கி வைப்பார்கள்.

இதற்குமேல் ஒரு முத்து, ஒரு முடிச்சு என்று செல்ல வேண்டியதுதான். முத்தைக் கோத்து முன் முடிச்சோடு சேர்த்தபின், நூலை இடக்கையின் இரு விரல்களில் வளையமாகச் சுற்றி, கோத்து முடிந்த பகுதி முழுவதையும் அவ்வளையத்துக்குள் விட்டு வெளியே எடுத்தால் முடிச்சு தளர்வாக விழும். அதை உடனே இழுத்துவிடுவதே புதிதாய்க் கற்பவர் அனைவரும் செய்யும் பிழை. முடிச்சு விழுந்த இடத்திலேயே இறுகிப்போகும். முத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி நிற்கும். தடித்த ஊசியை அவ்வளையத்தினுள் செருகி, வளையத்தை ஊசியின்மேல் சுருக்கி, ஊசியாலேயே முடிச்சை முத்தின் வாய்வரையில் நடத்திக்கொண்டு போக வேண்டும். முத்தைத் தொட்ட பின்பு ஊசியை மெல்ல உருவி, அதே சமயத்தில் கட்டைவிரல் நகத்தால் முடிச்சை முத்தின் பக்கம் தள்ளி நூலை இழுத்தால் முடிச்சு துளையின் வாயில் பொருந்தி உட்காரும். விரல்கள் இதைக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் செல்லும். கற்றுக்கொண்ட பின் கண் பார்க்காமலே நடக்கும்.

தவறான இடத்தில் முடிச்சு விழுந்தால், இறுகுவதற்கு முன் இரண்டு ஊசி முனைகளால் தளர்த்திவிடலாம். இறுகிய முடிச்சோடு போராடினால் பட்டு இழைவிட்டுக் கெடும். அப்போது நூலை அறுத்துவிட்டுப் புது நூலில் ஆரம்பிப்பது நஷ்டம் போல் தோன்றினாலும், அறுந்து விழும் மாலையைக் கொடுப்பதைவிட அது மேல்.

கடைசி மூன்று முத்துக்களை முடிச்சிடாமல், முடிச்சுக்கு வேண்டிய இடம்மட்டும் விட்டுக் கோத்து, கம்பிச் சுருளையும் கொக்கியின் மறுபாதியையும் ஏற்றி, முன்போலவே ஊசியைத் திருப்பி ஒவ்வொன்றாக முடிச்சிட்டு வர வேண்டும். நூல் முடியும் இடத்தில் ஊசி முனையால் நிறமற்ற நகப்பூச்சில் மிகச் சிறு துளி வைத்து, காய்ந்தபின் அறுக்கலாம். அத்துளி முத்தின்மேல் படக்கூடாது.

பழகுவதற்கு முத்து வேண்டாம். எட்டு மி.மீ. அளவுள்ள கண்ணாடி மணியும் கனத்த பருத்தி நூலும் கொண்டு முதலில் பத்து மாலைகளாவது கோத்துப் பழகி, பிறகு சிறு மணிக்கும் பட்டுக்கும் வருவதே முறை. பழகின கை ஒரு மாலையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். புதிய கைக்கு அரை நாள் பிடிக்கலாம்.

கூலி பேசும்போது மாலை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவது சரியன்று. 18 அங்குல மாலையில் ஏழு மி.மீ. முத்தானால் ஏறக்குறைய 57 முத்துக்கள் பிடிக்கும், நான்கு மி.மீ. முத்தானால் 90-க்கு மேல் பிடிக்கும். நீளம் ஒன்றே, உழைப்போ ஒன்றரை மடங்குக்கு மேல். முத்தின் எண்ணிக்கைப்படி கூலி விதிப்பதே இரு தரத்தாருக்கும் நியாயமாகும். முடிச்சில்லாதிருந்த மாலையை முடிச்சிட்டுக் கோத்தால் அது சுமார் நான்கு செ.மீ. நீளும் என்பதையும் முன்னதாகவே சொந்தக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வேறு முத்துச் சேர்த்ததாக அவர் எண்ணக்கூடும்.

சந்தேகம் என்பதே இத்தொழிலின் பெரிய அபாயம். ஒரு முத்து மாறிவிட்டது என்ற பேச்சு ஒரு முறை எழுந்துவிட்டால், அது பொய்யேயாயினும், அவ்வூருக்கு மறுபடியும் மாலை வராது. நேர்மையாக உழைத்த ஸ்திரீயின் பெயரும் கெடும். ஆதலால் மாலை நேரே வீட்டுக்குப் போகலாகாது. சங்கத்தின் அறையில், காரியதரிசியின் முன்னிலையில், சொந்தக்காரர் பார்க்க முத்துக்களை எண்ண வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது அனுகூலம். பழைய நூலை அங்கேயே அகற்றி, முத்தையும் கொக்கியையும் தனித்தனியே நிறுத்து, எண்ணிக்கை, எடை, நீளம், கொக்கியின் தினுசு, முன்பே உள்ள கீறல் அல்லது மங்கல் ஆகியவற்றைப் புத்தகத்தில் எழுதி, இரு தரத்தாரும் கையெழுத்திட்டு, ரசீது கொடுக்க வேண்டும். ஏழு மி.மீ. முத்து 57 இருந்தால் சுமார் 28 கிராம் நிற்கும். திருப்பிக் கொடுக்கும்போது நூல் சேர்வதால் உண்டாகும் எடை மிகச் சொற்பம். எண்ணிக்கையும் எடையும் ஒத்திருந்தால் வாய்ப்பேச்சுக்கு இடம் குறையும். வேலை செய்பவரிடம் ஒரே சமயத்தில் ஒரு மாலைக்கு மேல் கொடுப்பதும் தவறு. இரண்டு வீட்டு முத்து ஒரே தாம்பாளத்தில் கலந்தால் பிரிப்பது கடினம்.

முத்தைப் பளபளப்பாக்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஆவலில் சிலர் பித்தளைப் பாத்திரத்துக்குப் போல் புளியோ எலுமிச்சஞ் சாறோ தடவிவிடுகிறார்கள். முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளிப்புப் பட்டால் மேற்பூச்சு கரைந்து, என்றும் திரும்பாதபடி மங்கிவிடும். வாசனைத் தைலமும் வியர்வையும்கூட மெல்ல மெல்ல இதையே செய்கின்றன. எனவே மாலையைக் கழற்றியவுடன் மெல்லிய துணியால் துடைத்து, ஆணியில் தொங்கவிடாமல் துணிப்பையில் படுக்கையாக வைக்கும்படி சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். தொங்கும் மாலையில் பட்டு தன் பாரத்தாலேயே நீளும். அகற்றிய பழைய நூலையும் ஒரு காகிதத்தில் மடித்து மாலையோடு சேர்த்துக் கொடுப்பது நல்ல வழக்கம். அதன் அழுக்கையும் இழைவிட்ட இடங்களையும் பார்ப்பவருக்கு அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியிராது.