கோழிகளுக்கு அசோலா: நீரில் கவனம் தேவை

கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனத்திற்கே ஆகிறது. இதை ஓரளவு குறைக்க அசோலா உதவும். நீரில் மிதக்கும் இச்சிறு பெரணியின் இலைக் குழிகளில் வாழும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருகிறது. உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதம் வரை புரதம் உண்டு.

மர நிழலில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 20 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துப் பாலித்தீன் தாள் விரிக்கவும். சலித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்பி, 2 கிலோ சாணம், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட் இரண்டையும் நீரில் கரைத்து ஊற்றவும். 10 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டி, ஒரு கிலோ அசோலாவைத் தூவவும். இரு வாரங்களில் குழி நிறையும். பின்னர் தினமும் அரைக் கிலோ எடுக்கலாம். 5 நாட்களுக்கு ஒருமுறை 1 கிலோ சாணமும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் இடவேண்டும்.

ஓசூர் வட்டார உழவர்கள் ஒன்றை மறக்கலாகாது. அசோலா நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சித் தன்னுள் சேர்க்கும். அதைத் தின்னும் கோழியின் ஈரலிலும் முட்டையிலும் அவை சேரக்கூடும். பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அந்த நீரையோ தொழிற்சாலைக் கழிவுநீரையோ குழிக்கு விடாதீர்கள். மழைநீர் அல்லது நல்ல கிணற்று நீரே ஏற்றது. அருகில் ஆலை இருப்பின் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சாண வாடை போகக் கழுவிய அரைக் கிலோ அசோலா 20 கோழிகளுக்குப் போதும். பச்சை அசோலாவில் 90 சதத்திற்கு மேல் நீரே. ஆகவே வழக்கமான தீவனத்துடன் கலந்தே கொடுக்கவும்.