வாசலுக்கு டைல் போடுமுன் அடித்தளத்தைக் கவனிப்போம்

புதிய வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களும், லயத்து இஸ்தோப்பைத் திருத்திக்கொண்ட குடும்பங்களும் இப்போது வாசலுக்கு டைல் போட விரும்புகின்றன. மழைக்காலத்தில் சேறு வீட்டுக்குள் வராது. கூட்டிக் கழுவவும் சுலபம். நல்ல விருப்பந்தான். ஆனால் இதற்குச் செலவாவது சீட்டுப் பணம், சேமலாப நிதிப் பணம், அல்லது நகையை அடகு வைத்த பணம். இரண்டு மழைக்குள் டைல் வெடித்துக் கிளம்பினால் அந்தப் பணம் திரும்பி வராது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லுவோம். அநேகமாகக் குறை டைலில் இருப்பதில்லை. அதன் அடியில்தான் இருக்கும்.

போர்சலின் டைலின் குணம்

போர்சலின் டைல் தண்ணீரை உறிஞ்சாது என்றே சொல்லலாம். அதன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குகூட உள்ளே போகாது. அதனால்தான் வெளி வாசலுக்கு அது ஏற்றது. ஆனால் அதே காரணத்தால் வெறும் சீமெந்துப் பாலில் அது சரியாகப் பிடிக்காது. கடினமானதுதான், என்றாலும் வளைந்து கொடுக்காது. அடியில் தரை கொஞ்சம் இறங்கினாலும் வெடித்துவிடும்.

நம்முடைய வாசல்கள் பெரும்பாலும் சரிவில் அமைந்தவை. மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்பித்தான் மட்டமாக்கியிருக்கிறோம். வெட்டிய பாதி இறுக்கமாக இருக்கும். நிரப்பிய பாதி மழைக்கு மழை இறங்கும். அலவாங்கால் குத்திப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

செய்ய வேண்டியவை

1. மட்டம்: டைல் போட்டு முடிந்த பிறகு வாசல், வீட்டுத் தரையைவிட ஒரு படி தாழ்வாக இருக்க வேண்டும். 6 அடிக்கு 1 அங்குலம் வீதம் வீட்டிலிருந்து கானை நோக்கிச் சரிவு வேண்டும். நூல் கட்டிப் பார்த்து இதை முதலிலேயே முடிவு செய்வோம். பிறகு டைலைச் சாய்த்துச் சரிக்கட்ட முடியாது.

2. மண்: கறுத்த மேல்மண், வேர், குப்பை எல்லாவற்றையும் இறுகிய மண் வரும்வரை வாரி எடுக்க வேண்டும். நிரப்பும் இடத்தில் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. 6 அங்குலத்துக்கு மேற்படாமல் கொட்டி, இலேசாக நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்கு. வெளி ஓரத்துக்குக் கல் அணை அவசியம். மண் இறுகாத இடத்தில் டைலை நிறுத்திவிட்டுச் சரளை பரப்புவது மேல்.

3. கல்: உடைத்த கல்லை 4 அங்குலம் பரப்பி இடித்து, இடைவெளிகளை மணலால் நிரப்புவோம்.

4. கொங்கிரீட்: சீமெந்து 1, மணல் 2, சல்லிக்கல் 4 என்ற கலவையில் 3 அங்குலக் கனம் வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலமான வாசலுக்கு 50 கிலோ சீமெந்து 3 மூட்டையும், மணல் ஏழரைக் கன அடியும், சல்லிக்கல் 15 கன அடியும் போதும். "தண்ணியா இருந்தா இழுத்துவிட லேசு" என்பார்கள். தண்ணீர் கூடினால் கொங்கிரீட்டின் பலம் குறையும். போட்ட பிறகு ஈரச் சாக்கு மூடி 7 நாள் நனைக்க வேண்டும். 28 நாள் கழிந்த பிறகே டைல்.

5. பழைய சீமெந்துத் தரை: தடியால் தட்டிப் பார்ப்போம். "டொக் டொக்" என்று வெறுமையாகக் கேட்கும் இடத்தை உடைத்து எடுக்க வேண்டும். பாசி, எண்ணெய் இருந்தால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

6. ஒட்டுதல்: வெளியிடத்துப் போர்சலினுக்கு உரிய ஒட்டுப்பசையையே கேட்டு வாங்குவோம். நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைக்க பாஸுக்கு இடங்கொடுக்கக் கூடாது. கலவை இல்லாத இடத்தில் தண்ணீர் தேங்கும்; மிதித்தால் வெடிக்கும். டைலுக்கு டைல் சிறு இடைவெளி விட வேண்டும். வழுவழுப்பான டைல் வேண்டாம். மழையில் வழுக்கினால் வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும். சொரசொரப்பான டைலே நல்லது.

கானை மூட வேண்டாம், மேட்டை வெட்ட வேண்டாம்

வாசலைப் பெரிதாக்க வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டை வெட்டுவதும், தண்ணீர் ஓடும் கானை மூடுவதும் ஆபத்து. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. லயத்தில் எந்த வேலைக்கும் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் அனுமதி பெறுவோம். மண்சரிவு அபாயம் உள்ளதென அறிவிக்கப்பட்ட இடமானால் டைலுக்குப் பணம் போடாதிருப்பதே புத்தி.

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாவிட்டால், அடித்தளத்தைக் குறைத்து டைலை வாங்காதீர்கள். இந்த வருஷம் கொங்கிரீட்டோடு நிறுத்தலாம். ஒரு மழைக்காலம் போகட்டும். எங்கே இறங்குகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அதைத் திருத்திவிட்டு அடுத்த வருஷம் டைல் போட்டால், பிள்ளைகள் காலத்துக்கும் அது நிற்கும்.