பெருவெளியீடும் வீட்டுக் கைவினையும்

1982ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘ஈ.டி.’ என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் அப்பெயர்த் திரைப்படம் உலகையே கவர்ந்திருந்த நேரம் அது. படத்தின் பெயருக்காக நிறுவனம் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டிக் கொடுத்தது. விளையாட்டை இயற்றிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த காலமோ ஏறத்தாழ ஐந்தே வாரம். விற்காமல் தேங்கிய பெட்டிகள், பிற சரக்குகளோடு 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோவின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்த அச்செய்தி, 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது மெய்யென விளங்கிற்று.

இதனைக் காட்டிப் பெருநிறுவனத்தின் பேராசையைப் பழிப்பது வழக்கம். அது பாதி உண்மையே. அக்காலத்தில் சின்னஞ்சிறு நிறுவனங்களும் அரைகுறை விளையாட்டுகளைக் கடைகளில் குவித்தன. வாங்கியோர் ஏமாந்தனர்; வணிகர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டனர்; அமெரிக்கச் சந்தையே சரிந்தது. பெரியது தீது, சிறியது நன்று என்னும் எளிய கணக்கு இத்துறைக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. அட்டாரி தன் விளையாட்டுகளில் இயற்றியவர் பெயரைப் பொறிப்பதில்லை. பாட்டின் தொடராலேயே பெயர்பெற்ற செம்புலப்பெயனீராரை அறிந்த தமிழாசிரியருக்கு இது வியப்பன்று. ஆனால் அட்டாரியின் இளைஞர் பொறுக்கவில்லை. வாரன் ராபினெட் என்பவர் தம் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டினுள் ஒரு மறைவறை அமைத்து, அதில் தம் பெயரை எவருமறியாமல் எழுதிவைத்தார். வேறு நால்வர் வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் என்னும் தனி நிறுவனத்தைத் தொடங்கினர். அச்சிறு முயற்சியே பின்னர் ஆலமரமாகி, 2023இல் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டின் கைக்கு மாறியது.

சரிவுக்குப்பின் 1985இல் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்த ஜப்பானின் நிண்டெண்டோ, தன் கருவியினுள் பூட்டுப் போன்றதொரு சில்லைப் பொருத்தியது. இசைவு பெறாத பெட்டி அதில் ஓடாது. இசைவு பெற்ற வெளி நிறுவனமும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது. குப்பை குறைந்தது, எளியவருக்கு வாயிலும் அடைபட்டது. இணையவழி விற்பனை பெருகியபின்னரே அக்கதவு மீண்டும் அகலத் திறந்தது.

பெருவெளியீடுகளின் செலவு இன்று எவ்வளவு? 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவானதாக, நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்ட சோனி நிறுவன ஆவணமே 2023இல் வெளிப்படுத்தியது. இத்தனை பணம் போட்டவர் புதுமைக்கு அஞ்சுவது இயல்பு. சென்றமுறை வென்றதையே பெரிதாக்கி, அடுத்த பாகம், அதற்கடுத்த பாகம் எனத் தருவர். தவறினாலோ வீழ்ச்சி கொடிது. சோனியின் ‘கான்கார்ட்’ 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் வெளிவந்தது. இரண்டே வாரத்தில் திரும்பப்பெறப்பட்டு, வாங்கியோர்க்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதனை ஆக்கிய கூடமும் அவ்வாண்டே மூடப்பட்டது. பல ஆண்டு உழைப்பின் தலைவிதியைச் சில நாள் விற்பனை எழுதிவிடுகிறது.

எனினும் பெருவெளியீட்டுக்கென ஓர் ஆற்றல் உண்டு. 2018இல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ காட்டும் மலையும் ஆறும் சந்தையும் மனிதக் குரல்களும் தனியொருவர் ஆயுள் முழுதும் உழைத்தாலும் ஆகா.

தனியொருவரால் ஆவது எது என்பதற்கு ‘ஸ்டார்டியூ வேலி’ சான்று. உழவையும் சிற்றூர் வாழ்வையும் பொருளாகக் கொண்ட விளையாட்டு அது. 1996இல் ஜப்பானில் தோன்றிய ‘ஹார்வெஸ்ட் மூன்’ வரிசையில் திளைத்த எரிக் பரோன், பிந்தைய பாகங்கள் பழைய சுவையை இழந்தன எனக் கருதினார். மாலையில் நாடக அரங்கொன்றில் இருக்கை காட்டும் வேலை பார்த்துக்கொண்டு, ஓவியம், இசை, கதை, கணினி நிரல் யாவற்றையும் தாமே நாலரை ஆண்டு உழைத்து ஆக்கி, 2016இல் வெளியிட்டார். 2024 இறுதிக்குள் 4 கோடிக்கு மேல் விற்றது. பெரியவர் கைவிட்ட நிலத்தைச் சிறியவர் உழுதார் எனலாம். ஆனால் இது விதிவிலக்கு என்பதை மறத்தல் கூடாது. ஸ்டீம் என்னும் ஒரே இணையக் கடையில் 2024இல் 18,000க்கு மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கண்டோரே சிலர்.

சிறியதைப் பெரியது அரவணைத்ததும் உண்டு. டிஜிபென் கல்லூரி மாணவர் சிலர் 2005இல் ‘நார்பகுலர் டிராப்’ என்றொரு விளையாட்டை ஆக்கினர். வால்வ் நிறுவனம் அவர்களை வேலைக்கு அமர்த்திற்று. அக்கருத்தே 2007இல் ‘போர்ட்டல்’ ஆக மலர்ந்தது. வாங்குவோர் தயங்காதிருக்க, நிறுவனம் அதனைத் தன் புகழ்பெற்ற விளையாட்டுகளோடு ஒரே பெட்டியில் சேர்த்து விற்றது.

‘ஹோம்புரூ’ என்பது இவற்றினும் தனிவகை. வீட்டில் வடித்த பீருக்கு வழங்கிய சொல் அது. தோட்டத்து மூத்தோருக்குச் சம்சு நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. நிறுவனங்கள் கைவிட்ட பழங்கருவிகளுக்கு ஆர்வலர் தாமே புது விளையாட்டு எழுதுவதை அச்சொல் குறிக்கும். ஜெர்மனியின் மார்ஃப்கேட் குழுவினர் 2019இல் பழைய நிண்டெண்டோ கருவிக்கு ‘மைக்ரோ மேஜஸ்’ செய்தனர். அதன் அளவு 40 கிலோபைட்; 1985இன் ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ அளவும் அதுவே. இடம் போதாமையால் உருவத்தின் பாதியை மட்டும் வரைந்து, மறுபாதிக்கு அதனையே திருப்பி வைத்தனர்.

இதனினும் சுவையானது ‘ஹேலோ 2600’. மைக்ரோசாஃப்டின் விளையாட்டு வெளியீட்டுக்குத் தலைமை தாங்கி, ‘ஹேலோ’ என்னும் பெருவெளியீட்டை உலகுக்குத் தந்தவர்களுள் ஒருவர் எட் ஃபிரைஸ். அவரே 2010இல், பழைய அட்டாரி கருவிக்கு அதனைச் சிற்றுருவாக எழுதினார். அக்கருவியின் நினைவகம் 128 பைட். யூனிகோடு முறையில் எழுதினால் ஒரு குறட்பா அடங்குவதே அரிது. ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் 2013இல் இதனைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

வாங்குவோர் இரண்டையும் எங்ஙனம் சமன்செய்வது? பெருவெளியீட்டுக்குக் காத்திருத்தல் நட்டமன்று. 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’ பிழை மலிந்திருந்தமையால் சோனி அதனைத் தன் கடையிலிருந்தே நீக்கி, மறு ஆண்டு ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. காத்திருந்தவர்க்குத் திருந்திய பொருள் குறைந்த விலைக்குக் கிட்டியது. சிறியதையோ வந்தவுடன் வாங்குதல் நன்று. விளம்பரப் பணமில்லாத அதற்கு முதல்வாரத்து வாய்ச்சொல்லே துணை. 60 டாலர்ப் பெருவெளியீடு ஒன்றின் விலையில் ‘ஸ்டார்டியூ வேலி’ போன்றவை நான்கு வாங்கலாம்.

பள்ளிக்கு இதில் வேறு பயனும் உண்டு. பெருவெளியீடுகளையே கண்ட சிறுவன், விளையாட்டு என்பது அயல்நாட்டார் செய்ய, தான் வாங்குவது என நினைக்கிறான். அச்சிதழை மட்டும் கண்ட மாணவன் கையெழுத்து ஏடு நடத்த எண்ணமாட்டான் அன்றோ! 2019இல் வெளிவந்த ‘ஜிபி ஸ்டூடியோ’ என்னும் இலவசக் கருவியைக் கொண்டு, நிரல் எழுதத் தெரியாதவரும் பழைய கேம்பாய்க்கு விளையாட்டு அமைக்கலாம். கேம்பாயின் திரை அகலம் 160 புள்ளி, உயரம் 144 புள்ளி. அத்திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆயது. ஆகவே வரிக்கு 20 கட்டம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துள் அமர்ந்துவிடும். தமிழில் ‘ப’வும் ‘ட’வும் எளிதில் அடங்கும், ‘ண’வுக்கும் ‘ஞ’வுக்கும் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ‘ணொ’ எழுதினால் நான்கு கட்டம் ஆகிவிடும். எவ்வெழுத்துக்கு எத்தனை கட்டம் என்று சதுரக்கோட்டுத் தாளில் வரைந்து பார்ப்பது ஐந்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பிற்பகல் வேலை.