பொறுத்துக்கச் சொல்லாதீங்க
வேலையும் உடம்பும் – 12

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பாதையின் இருபுறமும் மானாவாரிக் காடு. ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியோ மக்காச்சோளமோ மல்லியோ விதைப்பார்கள். மாசி முடிந்தால் காட்டில் வேலை இராது. அதன்பிறகு நூறு நாள் வேலை உண்டு, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடலாம். இரண்டும் இல்லையென்றால் மில் வேன்தான். ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிப்போகும் அந்த வேனால்தான் பல வீடுகளில் குழுக்கடன் தவணை கட்டப்படுகிறது. மழை பொய்த்த வருஷங்களில் பிள்ளைகள் இன்னும் தூரம் போகிறார்கள். திண்டுக்கல், திருப்பூர், கோவைப் பக்கம் மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்ப்பதற்குக் 'கேம்ப் கூலி' என்று பெயர்.

இந்த மண்ணை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மேஸ்திரியின் வசவும் சூப்பர்வைசரின் கைநீட்டலும் தாங்காமல் ஒரு பெண் வாய் திறந்தால், அவளுக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. படித்தவர்கள், "பிடிக்கலைன்னா விட்டுட்டு வந்துரலாமே" என்கிறார்கள். வீட்டில், "எங்க போனாலும் இப்பிடித்தான், கொஞ்சம் பொறுத்துக்க தாயி" என்கிறார்கள். விட்டு வந்தால் அந்த மாதத் தவணையை யார் கட்டுவது என்று முதல் பதிலைச் சொன்னவர்கள் யோசிப்பதில்லை. இரண்டாவது பதில் பாசத்தில் வருவது. ஆனாலும் எனக்கு அதன் மேல்தான் கோபம் அதிகம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வீட்டில் எதையும் சொல்லாது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயதுப் பெண் கொலை செய்யப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆள் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்துவந்ததைக் குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் பிறகு சொன்னார்கள். வேறு பெண்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல முன்வந்தார்கள். இத்தனை பேருக்குத் தெரிந்திருந்தும் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததைத் தனித்தனியாகவே வைத்திருந்தார்களோ என்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தச் சாவோடு விஷயம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டது பெண்களே நடத்தும் ஒரு சங்கம்: தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். திவ்யராகினி அதன் தலைவர். ஓராண்டுக்கு மேல் போராடி, 2022இல் ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸிடமும், அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களிடமும் எழுத்தில் உடன்பாடு வாங்கினார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது இதுதான். ஆலை வாக்கை மீறினால் ஆர்டரில் கைவைக்க வேண்டிய கடமையை அது அந்த வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வைத்தது. முதலாளியின் நல்ல மனசை நம்பி எழுதப்பட்ட தாள் இல்லை இது.

அதில் எனக்கு மிகப் பிடித்தது வேறொரு ஏற்பாடு. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று, தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வேலை பாலியல் தொல்லையோடு நிற்கவில்லை. வசவு, சாதி சொல்லித் திட்டுவது, கழிப்பறைக்கு விடாதது எல்லாம் அவர்கள் காதுக்குப் போக வழி இருந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. முதல் ஆண்டில் வந்த புகார்கள் 185. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. 185 என்பதைப் பார்த்து இத்தனை தொல்லையா என்று மலைக்கலாம். நான் அதை 185 முறை யாரோ வாய் திறந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்து மில்களில் அப்படியோர் ஆள் இல்லையே என்றால், அந்த ஆளை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒரே வேனில் வருகிற, ஒரே ஷிஃப்ட் பார்க்கிற ஒருத்தியிடம் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசர் அறைக்குத் தனியே கூப்பிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நோட்டில் தேதி, ஷிஃப்ட், யார் என்ன சொன்னது, யார் பார்த்தது என்று நாலு வரி எழுதி வீட்டில் வையுங்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டப்படி, கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் கிடைக்கும். புகார் தரும்போது அந்த நோட்டுத் தேதி பேசும். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

வசவுக்கும் அவமானத்துக்கும் மட்டுமான தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. வேலையிடத்து வன்முறை எதுவானாலும் தடுக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

உடம்பையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர் அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை, ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளிக்கொண்டுவந்தது. உறை இல்லாத மாத்திரையை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். தூக்கம் போய், வேன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்தால் அது மனசு வாங்கிய அடி. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. அப்படியும் தாளவில்லையென்றால் வேலையை விடுங்கள். அதில் தோற்றுப்போக எதுவும் இல்லை. மில்லை விட்டாலும் பி.எஃப். பணம் உங்களுடையதே, அதை வாங்கும் வழியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதற்குள் ஒரு வேலை. 10 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்ப்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். அதற்கு விருதுநகர் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் வட்டத்திலும் புகாரை வாங்கி 7 நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் காரியாபட்டிக்கும் அது பொருந்தும். ஒன்றிய அலுவலகத்துக்கோ தாலுகா ஆபீசுக்கோ போகிறவர்கள் அந்த அலுவலர் யார் என்று கேளுங்கள். பெயரும் எண்ணும் சுவரில் ஒட்டப்படும்வரை கேளுங்கள்.