ஒரு சிறிய விசிறியும் அப்பாவின் ஸ்கூட்டரும்

அன்று காலை ஆறு மணிக்கு அப்பா ஸ்கூட்டரின் பொத்தானை அழுத்தினார். 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. அன்று அவருக்கு அரை நாள் சம்பளம் போனது. காரணம் நான்தான்.

பெக்கான் நானாசில் எங்கள் வீட்டு முற்றத்தில் 8 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். 1668-இல் நியூட்டன் உருவாக்கிய அதே வகைதான். குழாயின் அடியில் இருக்கும் குழிக்கண்ணாடி ஒளியைத் திரட்டும். கிழக்கே ஜொகூர் பாரு, அதற்கு அப்பால் சிங்கப்பூர் என்று வானம் வெளுத்தே இருந்தாலும், கோள்களைப் பார்க்க அது தடையில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அவை நம் தலைக்கு மேலேயே வரும்.

ஆனால், எனக்கு வியாழன் கொதிக்கும் நீருக்கு அடியில் கிடக்கும் காசு போலத்தான் தெரிந்தது. லென்சை மாற்றியும் பயனில்லை. பிறகுதான் புரிந்தது: தகரக் கூரை போட்ட ஸ்டோர் அறையில் பகல் முழுவதும் சூடேறிய கண்ணாடி, இரவில் மெதுவாகத்தான் ஆறுகிறது. அதன் முகப்பில் ஒட்டி நிற்கும் வெதுவெதுப்பான காற்று அலைந்து, உருவத்தைக் கலைக்கிறது. கண்ணாடி பெரிதாகப் பெரிதாக இந்தச் சிக்கலும் பெரிதாகும். தமிழ்நாட்டில் காவலூரிலுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். என்னுடையதோ 20 சென்டிமீட்டர்தான். அதற்கே இந்தப் பாடு!

குளிர்சாதன அறையில் வைத்தால் என்ன என்று நினைக்காதீர்கள். நம் ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடியை வெளியே கொண்டு வந்தால், நொடியில் பனித்துவிடும்.

பழைய கணினியிலிருந்து ஒரு விசிறியைக் கழற்றி, கண்ணாடியின் பின்புறம் ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டேன். திருகாணியால் இறுக்கினால் அதன் அதிர்வு கண்ணாடிக்கும் போய்விடும். விசிறிக்கு 12 வோல்ட் வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரியும் 12 வோல்ட். அப்பாவிடம் கேட்காமலேயே கம்பியை மாட்டினேன். முக்கால் மணி நேரத்தில் வியாழனின் இரண்டு பட்டைகளும் கோடு கிழித்ததுபோல் தெரிந்தன. பிறகு மேகம் மூடியது. தொலைநோக்கிக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். விசிறியை நிறுத்தவில்லை.

அப்பா திட்டவில்லை. மாலையில் வந்து, "கணக்குப் போட்டுப் பார்த்தியாடா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் சுட்டது.

அன்றிரவு கணக்குப் போட்டேன். விசிறியின் முதுகில் 0.2 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. இரவு 9 முதல் காலை 6 வரை 9 மணி நேரம். 0.2 × 9 = 1.8 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவே 5 ஆம்பியர்-மணிதான். அதுவும் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அத்தகைய பேட்டரி, இயந்திரத்தை எழுப்ப ஓரிரு நொடிகளுக்கு அதிக மின்னோட்டம் தருவதற்கானது. இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவதற்கல்ல.

அடுத்து பவர் பேங்க். அது 5 வோல்ட்தான் தரும். விசிறி அசையவே இல்லை. மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு பலகை ஒன்றைச் சேர்த்தால் ஓடும். ஆனால், மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

கடைசியில் கைகொடுத்தவை, மறுமுறை மின்னேற்றக்கூடிய 8 சிறிய மின்கலன்கள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். தொடர் இணைப்பில் 9.6 வோல்ட். விசிறி சற்று மெதுவாகச் சுழல்கிறது, அதிர்வும் குறைவு. 2,000 மில்லி ஆம்பியர்-மணி கலன்கள் என்பதால் 10 மணி நேரம் தாராளமாக ஓடும். நேர்முனைக் கம்பியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. விசிறி ஓடுவதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு. இருளுக்குப் பழகிய கண்ணை அது கெடுக்காது. முக்கியமாக, என் மறதிக்கு அதுவே மருந்து.

மாணவர்களே, வோல்ட் பொருந்தினால் மட்டும் போதாது. எவ்வளவு மின்னோட்டம், எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். படிவம் 5 இயற்பியலில் நான் மனப்பாடம் செய்ததை, ஓடாத ஸ்கூட்டர்தான் எனக்குப் புரியவைத்தது. அடுத்தவர் பொருளைத் தொடுமுன் ஒரு வார்த்தை கேட்கவும் அதுவே கற்றுத் தந்தது.

போன வாரம் அப்பாவை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நடுவுல ரெண்டு கோடு தெரியுதே!" என்றார். நிமிர்ந்தவர், "விசிறிய நிறுத்திட்டுப் படு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.