விட்டுக் கொடுக்கும் கட்டை!

இரண்டு காலிலும் நீளநீளமாய்க் கட்டையை மாட்டிக்கொண்டு, பனிமலை உச்சியிலிருந்து சர்ர்ரென்று இறங்குகிறீர்கள். திடீரென்று தடுமாறி விழுந்தால்? உடம்பு ஒரு பக்கம் உருளும். கட்டை பனியில் குத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பும். நடுவில் மாட்டிக்கொள்வது கால் எலும்பு. 'படக்'!

கட்டையோடு காலை இறுக்கிக் கட்டியிருந்த காலத்தில் இப்படி முறிந்த கால்கள் ஏராளம். 1937-ல் அமெரிக்காவின் மவுண்ட் ஹூட் மலையில் யால்மர் ஹ்வாமுக்கும் அதே கதி. நார்வேயில் பிறந்த இவர் சாதாரண ஆள் இல்லை, தேசிய சாம்பியன்! ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததுமே பென்சிலும் பேப்பரும் கேட்டு, ஆபத்து நேரத்தில் காலைத் தானே விட்டுவிடும் ஒரு பூட்டை வரைந்தாராம். நாமாக இருந்தால் காபி கேட்டிருப்போம்! 1939-ல் அதற்குப் பேடண்ட்டும் வாங்கிவிட்டார்.

இன்றைய பூட்டின் சூட்சுமம் ஸ்பிரிங்தான். பூட்ஸின் முன்பக்கம் ஒரு பிடி, குதிகாலில் ஒரு பிடி. கால் முறுக்கிக்கொண்டால் முன்பிடி பக்கவாட்டில் விலகும். குப்புற விழுந்தால் பின்பிடி மேல்நோக்கித் திறக்கும். சின்னச் சின்ன அதிர்ச்சிக்கெல்லாம் அசையாது. அசைந்தால் ஓடும்போதே கட்டை கழன்று, அதுவே ஆளைக் கவிழ்த்துவிடுமே! கழன்ற கட்டை மலையில் தறிகெட்டு ஓடி அடுத்தவர் மண்டையைப் பதம் பார்க்காமலிருக்க, இரண்டு கம்பிகள் கீழிறங்கி 'பிரேக்' போடும்.

ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்குவது? உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், திறமை எல்லாம் பார்த்து, அட்டவணைப்படி ஓர் எண்ணை வைப்பார்கள். ஐம்பதைத் தொட்டவர்களுக்கு ஒரு படி குறைவு. இங்கேதான் வம்பு. கடையில் ஃபாரம் நிரப்பும்போது, நேற்றுக் கற்றுக்கொண்டவர்கூட கௌரவத்துக்காக 'நான் எக்ஸ்பர்ட்' என்று எழுதிவிடுவார். ஸ்பிரிங் கூடுதலாக இறுகும். விழும்போது பூட்டு திறக்காது. வயதை மறைக்கும் ஆசாமிகளுக்கும் இதே ஆபத்து!

இந்தப் பூட்டுகளால் கெண்டைக்கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் முழங்கால்? மல்லாக்கச் சாயும்போது கட்டையின் வால் பனியில் பதிந்து முழங்காலைத் திருகும். அதைப் பூட்டு பல சமயம் கண்டுகொள்ளாது. உள்ளே தசைநார் கிழிந்துவிடும். அதனால்தான் ஸ்கீயிங் வாத்தியார்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்... விழுந்துவிட்டால், மீசையில் மண் ஒட்டாத மாதிரி அவசரமாக எழப் பார்க்காதே. சறுக்கல் முழுசாக நிற்கட்டும்!